நடுத்தர வயது ஆண்களின் மிகை இறப்பைக் கணக்கிடுதல்: எம்.ரெட்டியபட்டி வட்டாரத்தை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு மக்கள்தொகையில் நிகழ்ந்த இறப்புகளுக்கும், குறிப்பிட்ட ஓர் அளவுகோலின்படி நிகழும் என எதிர்பார்க்கப்பட்ட இறப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு மிகை இறப்பு எனப்படும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிப் பகுதியில் அமைந்த எம்.ரெட்டியபட்டி போன்ற சிற்றூர்களில் நடுத்தர வயது ஆண்களின் மிகை இறப்பை எவ்வாறு கணக்கிடலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இறப்புப் பதிவுகளின் குறைபாடு, சிறிய எண்ணிக்கையால் எழும் தற்செயல் மாறுபாடு, ஒப்பீட்டு அடிப்படையைத் தேர்ந்துகொள்ளும் முறை ஆகிய மூன்றும் விடையை எவ்வாறு மாற்றுகின்றன என்பது எடுத்துக்காட்டுக் கணக்கின்வழிக் காட்டப்படுகிறது. மிகை இறப்பின் அளவு பெரிதும் ஒப்பீட்டு அடிப்படையைப் பொறுத்தது என்பதே கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: மிகை இறப்பு, வயதுவாரி இறப்பு வீதம், குடிமைப் பதிவு, ஒப்பீட்டு அடிப்படை, வாய்மொழி உடற்கூறாய்வு, விருதுநகர் மாவட்டம்

முன்னுரை

எம்.ரெட்டியபட்டியில் வாழும் 48 வயது ஆண் ஒருவர் நோயுற்று, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு அங்கேயே இறந்தால், அவ்விறப்பு மதுரையில் பதிவு செய்யப்படும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இறப்பு நிகழ்ந்த இடத்தையே பதிவுக்கு உரிய இடமாகக் கொள்கிறது. அவருடைய குடும்பம் ஊரில் இருக்கிறது. ஈமச்சடங்கும் ஊரிலேயே நடக்கிறது. ஆயினும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள இறப்புப் பதிவேட்டில் அவர் பெயர் இடம்பெறுவதில்லை. அப்பதிவேட்டை மட்டும் கொண்டு ஊரின் இறப்பு வீதத்தைக் கணக்கிடுபவருக்கு இத்தகைய இறப்புகள் புலப்படா.

முதியோரின் இறப்பு இயல்பானதாகவும், குழந்தைகளின் இறப்பு தடுக்கப்பட வேண்டியதாகவும் கருதப்படுகின்றன. நடுத்தர வயது ஆணின் இறப்பு இவ்விரண்டிற்கும் இடையில் நின்றுவிடுகிறது. மாரடைப்பு, காசநோய், ஈரல் நோய், சாலை விபத்து, தற்கொலை எனக் காரணங்கள் பலவாகச் சிதறியிருப்பதால், ஒவ்வோர் இறப்பும் தனித்தனித் துயரமாகவே நினைவில் நிற்கிறது. அவற்றைத் தொகுத்து நோக்கினால்தான், அவை வழக்கமான அளவுக்கு உட்பட்டவையா மிகையானவையா என்னும் வினாவை எழுப்ப இயலும்.

கருத்தாக்கமும் வயது வரம்பும்

இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார், 1847ஆம் ஆண்டு இலண்டனில் பரவிய இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலின்போது, அக்காலத்தில் பதிவான மொத்த இறப்புகளை முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டார். காய்ச்சலால் இறந்தோர் எனச் சான்றளிக்கப்பட்டவர்களைவிட மிகையாக இறந்தவர்கள் பன்மடங்கினர் என்பது அவ்வொப்பீட்டால் வெளிப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்திலும் இதே முறை பின்பற்றப்பட்டது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 47 இலட்சம் மிகை இறப்புகள் நிகழ்ந்தன என உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அரசின் கணக்கில் அக்காலக் கொரோனா இறப்புகள் 5 இலட்சத்துக்கும் குறைவு. இந்திய அரசு அம்மதிப்பீட்டு முறையை ஏற்கவில்லை. எதிர்பார்ப்பு எண்ணை எவ்வாறு வகுப்பது என்பதே அவ்விவாதத்தின் மையமாக இருந்தது.

பெருந்தொற்று போன்ற திடீர் நிகழ்வுகளில் முந்தைய ஆண்டுகளே அளவுகோலாகின்றன. நடுத்தர வயது ஆண்களின் மிகை இறப்போ பெரும்பாலும் ஆண்டுதோறும் தொடர்வது. முந்தைய ஆண்டுகளிலும் அதே மிகை இருந்திருப்பின், அவற்றோடு ஒப்பிடும்போது மிகை சுழியமாகிவிடும். எனவே வேறோர் அளவுகோல் தேவைப்படுகிறது.

'நடுத்தர வயது' என்பதற்கு ஒரே வரையறை இல்லை. தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு பெரிய ஆய்வு 25 முதல் 69 வரையும், இந்திய அளவிலான பிறிதோர் ஆய்வு 30 முதல் 69 வரையும் கொண்டன. ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளும் தொற்றா நோய்களால் 30 வயதுக்கும் 70 வயதுக்கும் இடையில் இறக்கும் வாய்ப்பையே அளவிடுகின்றன. இக்கட்டுரை 30 முதல் 69 வரையிலான வயதை எடுத்துக்கொள்கிறது.

கணக்கீட்டு முறை

கணக்கீட்டின் அடிப்படை எளியது. ஊரின் ஆண்களை வயதுப் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவின் எண்ணிக்கையையும் ஒப்பீட்டு மக்கள்தொகையில் அதே பிரிவுக்குரிய இறப்பு வீதத்தால் பெருக்கிக் கூட்டினால் எதிர்பார்ப்பு இறப்பு கிடைக்கும். நிகழ்ந்த இறப்பிலிருந்து அதைக் கழித்தால் மிகை இறப்பும், நிகழ்ந்ததை அதனால் வகுத்தால் சீராக்கப்பட்ட இறப்பு விகிதமும் கிடைக்கும்.

முறையை விளக்குவதற்காக மட்டும் கற்பனையாக ஓர் ஊரைக் கொள்ளலாம். பின்வரும் எண்கள் எந்த ஊரின் தரவும் அல்ல. அவ்வூரில் 30 முதல் 69 வயதுடைய ஆண்கள் 1000 பேர். அவர்களுள் 30–44 வயதினர் 450 பேர், 45–59 வயதினர் 350 பேர், 60–69 வயதினர் 200 பேர். மாநில ஊரகப் பகுதி ஆண்களின் ஆண்டு இறப்பு வீதம் இப்பிரிவுகளில் முறையே ஆயிரத்துக்கு 4, 12, 30 எனக் கொள்க. முதற்பிரிவில் 1.8, இரண்டாம் பிரிவில் 4.2, மூன்றாம் பிரிவில் 6.0 என ஆண்டுக்கு மொத்தம் 12 இறப்புகள் எதிர்பார்க்கப்படும். ஐந்து ஆண்டுகளுக்கு இது 60 ஆகும்.

வயதுவாரியாகப் பகுப்பது இன்றியமையாதது. பருத்தியும் கம்பும் மிளகாயும் விளையும் மானாவாரி ஊர்களிலிருந்து இளைஞர்கள் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை எனப் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். ஊரில் எஞ்சுவோரின் சராசரி வயது அதனால் உயர்கிறது. வயதைக் கருதாமல் மொத்த வீதத்தை மட்டும் ஒப்பிட்டால், யாருடைய உடல்நலமும் குன்றாதபோதும் ஊர் நோயுற்றதாகத் தோன்றும்.

சிறிய எண்களும் தற்செயலும்

கற்பனை ஊரில் ஓராண்டில் 16 ஆண்கள் இறந்தனர் எனக் கொள்வோம். எதிர்பார்ப்பு 12, எனவே மிகை 4. மூன்றில் ஒரு பங்கு உயர்வு என்பது பெரிதாகத் தோன்றும். ஆயினும் இறப்புகள் தற்செயலாகவே ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். எதிர்பார்ப்பு எண்ணின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ இரண்டால் பெருக்கினால் அவ்வேற்ற இறக்கத்தின் எல்லை தோராயமாகக் கிடைக்கும். 12க்கு அது ஏறத்தாழ 7. அதாவது 5 முதல் 19 வரையிலான எந்த எண்ணும் தற்செயலால் அமையக்கூடும். 16 என்பது அவ்வெல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

ஐந்து ஆண்டுகளைச் சேர்த்து நோக்கினால் எதிர்பார்ப்பு 60. தற்செயல் எல்லை ஏறத்தாழ 45 முதல் 75 வரை. ஆண்டுகளைச் சேர்க்கும்போது எல்லை ஒப்பீட்டளவில் குறுகுகிறது. அண்டை ஊர்களைச் சேர்ப்பதாலும் இதே பயன் விளையும். தனியோர் ஊரின் ஓராண்டு எண்ணைக் கொண்டு அச்சம் எழுப்புவதும் அமைதி கூறுவதும் ஒருங்கே பிழையாகும்.

விடுபடும் இறப்புகள்

மேற்கண்ட ஊரின் பதிவேட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு 72 இறப்புகள் உள்ளன எனக் கொள்க. 72 என்பது தற்செயல் எல்லைக்குள் அடங்குவதால், மிகை உறுதிப்படவில்லை என்றே கூற வேண்டியிருக்கும். ஆனால் பதிவேடு முழுமையானதா என்பது தனியே வினவத்தக்கது.

சி.சந்திரசேகரனும் டெமிங்கும் 1949இல் வெளியிட்ட ஒரு முறை இதற்கு உதவும். ஒரே ஊரின் இறப்புகளைத் தனித்தனியே திரட்டிய இரண்டு பட்டியல்களைப் பெயர்வாரியாக ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்டவற்றை மதிப்பிடுவது அம்முறை. இரு பட்டியல்களின் எண்ணிக்கைகளைப் பெருக்கி, இரண்டிலும் பொதுவாக உள்ள எண்ணிக்கையால் வகுத்தால் மொத்த இறப்பு கிடைக்கும். ஊர்ப் பதிவேட்டில் 72, கிராம சுகாதாரச் செவிலியர் வீடுவீடாகத் திரட்டிய பட்டியலில் 65, இரண்டிலும் பொதுவானவை 60 எனின், 72ஐ 65ஆல் பெருக்கி 60ஆல் வகுக்க விடை 78. இரு பட்டியல்களையும் சேர்த்தால் 77 பேர் கிடைக்கின்றனர். இரண்டிலும் இடம்பெறாத ஒருவரை முறை கூடுதலாகக் காட்டுகிறது.

இப்போது 78 என்பது 75ஐத் தாண்டிவிட்டது. தற்செயல் என ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, விடுபட்ட ஆறு பேரைச் சேர்த்ததும் மிகையாகப் புலப்படுகிறது. இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே இம்முறை சரியாக அமையும். உறவினர் இன்றித் தனித்து வாழ்ந்தவர் இரு பட்டியல்களிலும் ஒருசேர விடுபடக்கூடும். அந்நிலையில் உண்மை எண் 78ஐவிடவும் கூடும்.

பதிவில் மூன்று சிக்கல்கள் தனிக் கவனத்துக்குரியன. முதலாவது, இறப்பு நிகழ்ந்த இடம். 2022 சனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முன்னர் மதுரைக்குச் சென்ற நோயாளிகளுள் ஒரு பகுதியினர் விருதுநகருக்குச் சென்றால், இறப்பவர் எண்ணிக்கை மாறாதபோதும் விருதுநகரில் பதிவாகும் இறப்புகள் உயரும். இறப்பு அறிக்கைப் படிவத்தின் புள்ளியியல் பகுதியில் இறந்தவர் வாழ்ந்த ஊரும் கேட்கப்படுகிறது. அவ்விவரத்தைக் கொண்டு இறப்புகளை வாழ்ந்த ஊருக்கே மீண்டும் பகிர்ந்தளிப்பது தேவை.

இரண்டாவது, தொகுதிக்கும் பகுதிக்கும் இடையிலான பொருத்தம். இறப்பு எண்ணிக்கை தொகுதியாகவும், வாழ்வோர் எண்ணிக்கை பகுதியாகவும் அமைகின்றன. வெளியூரில் இருபது ஆண்டுகள் உழைத்தவர் நோயுற்றபின் ஊர் திரும்பி இறந்தால், தொகுதியில் சேர்கிறார். உழைத்த காலத்தில் பகுதியில் அவர் இருந்ததில்லை. இது ஊரின் வீதத்தைப் பொய்யாக உயர்த்தும். மேலும் 2011க்குப் பின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடைபெறாததால், பகுதிக்குரிய எண் நீட்டிப்பு மதிப்பீடாகவே உள்ளது.

மூன்றாவது, வயது. இறந்தவரின் வயதை உறவினர் தோராயமாகக் கூறும்போது 45, 50, 60 என 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகள் குவிகின்றன. 68 வயதில் இறந்தவர் 70 எனப் பதியப்பட்டால் நடுத்தர வயதுக் கணக்கிலிருந்தே நீங்கிவிடுவார். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றோடு ஒப்பிட்டு வயதைச் சரிபார்ப்பது இதற்குத் தீர்வு.

எதனோடு ஒப்பிடுவது?

பதிவுகள் செம்மையானபின் எஞ்சுவது ஒப்பீட்டு அடிப்படை. அமெரிக்காவில் 45–54 வயதுடைய வெள்ளையரின் இறப்பை ஆராய்ந்து ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் இருவரும் 2015இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தெளிவான சான்று. இறப்பு வீதம் 1998ஆம் ஆண்டின் அளவிலேயே நின்றிருந்தால், 1999 முதல் 2013 வரை 96,000 இறப்புகள் நிகழ்ந்திரா. வீதம் அதற்கு முன்னர் இறங்கிவந்த வேகத்திலேயே தொடர்ந்து இறங்கியிருந்தால், ஏறத்தாழ 5 இலட்சம் இறப்புகள் நிகழ்ந்திரா. நிகழ்ந்த இறப்புகள் ஒன்றே. அளவுகோல் மாறியதும் மிகை ஐந்து மடங்கானது. பத்தாண்டு வயதுப் பிரிவுக்குள்ளும் சராசரி வயது உயர்ந்திருந்ததை ஆண்ட்ரூ கெல்மன் சுட்டிக்காட்டினார்; அதைச் சீராக்கியபின் உயர்வு ஆண்களைவிடப் பெண்களிடமே தெளிவாகத் தெரிந்தது. வயதுப் பிரிவுகள் குறுகியனவாக இருக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

கற்பனை ஊருக்குத் திரும்பினால், மாநில ஊரக ஆண்களோடு ஒப்பிட்டபோது மிகை 18 (78 – 60). இது அவ்வூருக்கே உரிய கூடுதல் சுமை. ஆனால் மாநில ஆண்கள் அனைவரையும் தாக்கும் காரணங்கள் இவ்வொப்பீட்டில் மறைந்துவிடுகின்றன. அவை எதிர்பார்ப்பு எண்ணுக்குள்ளேயே அடங்கியுள்ளன. மாநிலம் முழுவதும் ஆண்கள் முன்கூட்டியே இறந்தால், ஊரும் அவ்வாறே இருக்கும்போது மிகை சுழியம் என்றே கணக்குக் கூறும்.

மாநில ஊரகப் பெண்களின் வீதத்தை அளவுகோலாகக் கொள்வது இரண்டாவது வழி. அது இப்பிரிவுகளில் ஆயிரத்துக்கு 2, 6, 18 எனின், ஆண்டுக்கு 6.6, ஐந்தாண்டுக்கு 33 இறப்புகளே எதிர்பார்க்கப்படும்; மிகை 45. இவ்வெண் முழுவதும் தவிர்க்கத்தக்கது எனக் கருதலாகாது. உடலியல் வேறுபாட்டாலும் பெண்கள் ஓரளவு நீண்டு வாழ்கின்றனர். மேலும், பெண்களின் இறப்பு ஆண்களினும் குறைவாகவே பதிவாகிறது. நிலப் பட்டா, வாரிசுச் சான்று, காப்பீடு, கைம்பெண் உதவித்தொகை ஆகியவற்றுக்கு ஆணின் இறப்புச் சான்று தேவைப்படுவதும், சொத்து பெரும்பாலும் ஆணின் பெயரில் இருப்பதும் இதற்குக் காரணங்கள். ஊர்ப் பதிவேட்டின் பெண் இறப்புகளையே அளவுகோலாக்கினால் ஆண்களின் மிகை பொய்யாகப் பெருகும். மாதிரிப் பதிவுத் திட்டத்தின் மாநில வீதங்களைப் பயன்படுத்துவது இதனினும் பாதுகாப்பானது.

தமிழ்நாட்டு முன்மாதிரி

குறிப்பிட்ட காரணத்துக்கு ஆட்படாத ஆண்களையே அளவுகோலாகக் கொள்வது மூன்றாவது வழி. வெந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் 2003இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்மாதிரி. நோயால் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கமும், உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் புகைப்பழக்கமும் ஒப்பிடப்பட்டன. இறந்தோரில் 27,000 பேர் நகர்ப்புறத்தவர். 16,000 பேர் ஊரகத்தவர். சென்னையும் விழுப்புரம் மாவட்டமும் களங்கள்.

இவ்வாய்வாளர்கள் பயன்படுத்திய வாய்மொழி உடற்கூறாய்வு என்பது, இறந்தவரின் வீட்டாரிடம் நோயின் போக்கைக் கேட்டு எழுதி, அதை மருத்துவர்கள் ஆராய்ந்து காரணத்தைத் தீர்மானிக்கும் முறை. வீட்டிலேயே இறப்பு நிகழும் ஊர்களில் 'நெஞ்சுவலி', 'காய்ச்சல்' என்ற அளவில் நின்றுவிடும் காரணங்களை இது தெளிவாக்குகிறது.

நகர்ப்புறத்தில் 25–69 வயதுப் புகைப்போரின் இறப்பு வீதம் புகைக்காதோரினும் 2.1 மடங்கு, காசநோய் இறப்பில் 4.5 மடங்கு. புகையின் காரணப் பங்கு முறையே 31 விழுக்காடும் 61 விழுக்காடும். காரணப் பங்கைக் கணிக்கும் வழி இது: மடங்கு 2.1 எனின், புகைத்து இறந்தோரில் 2.1இல் 1.1 பங்கு, அதாவது 52 விழுக்காடு, மிகை. இறந்தோர் அனைவருள்ளும் புகைத்தவர் ஏறத்தாழ 59 விழுக்காடு எனின், 59இல் 52 விழுக்காடே அந்த 31. இவ்வயதில் புகையால் இறந்தோர் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 20 ஆண்டு ஆயுளை இழந்தனர் எனவும் அவ்வாய்வு மதிப்பிட்டது. இந்திய அளவில் பிரபாத் ஜா முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வும், 30–69 வயதில் ஆண்களின் இறப்புகளில் ஐந்தில் ஒன்றும் பெண்களின் இறப்புகளில் இருபதில் ஒன்றும் புகையால் நிகழ்வதாகக் கண்டது.

புகைப்போருள் மது அருந்துவோரும் மிகுதி. ஆதலால் ஈரல் நோயின் மிகை முழுவதையும் புகைக்கு ஏற்றுவது பொருந்தாது. ஒவ்வொரு பழக்கத்தையும் தனித்தனியே பிரித்தறியும் தரவு வேண்டும். இறப்பு அறிக்கைப் படிவத்தில் புகைத்தல், புகையிலை மெல்லுதல், பாக்கு மெல்லுதல், மது அருந்துதல் ஆகியவை எத்தனை ஆண்டுகள் என ஏற்கெனவே வினவப்படுகின்றன. அக்கட்டங்கள் முறையாக நிரப்பப்பட்டால், விழுப்புரத்தில் தனி ஆய்வாக நிகழ்ந்தது எல்லா ஊர்களிலும் வழக்கமான பதிவின் பயனாகவே அமையும்.

வட்டார அளவில் செய்யத்தக்கவை

எம்.ரெட்டியபட்டியைத் தனித்து ஆராய்வதினும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களின் ஊராட்சிகளை ஒருங்கிணைத்து ஐந்தாண்டுக் காலத்தை எடுத்துக்கொள்வது ஏற்றது. முதலில் மதுரை, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பதிவுகளிலிருந்து இவ்வட்டாரத்தாரின் இறப்புகளை வாழ்ந்த ஊர்வாரியாகப் பிரித்தெடுத்தல் வேண்டும். அடுத்து, செவிலியர் பட்டியலோடு ஒப்பிட்டு விடுபட்டவற்றை மதிப்பிடுதல் வேண்டும். பின்னர் மாநில ஊரக ஆண்கள், மாநில ஊரகப் பெண்கள், அப்பழக்கங்கள் இல்லாத ஆண்கள் என மூன்று அளவுகோல்களிலும் கணக்கிட்டு, மூன்று விடைகளையும் தற்செயல் எல்லைகளோடு ஒருசேர வெளியிடுதல் வேண்டும். நீண்டகாலப் போக்கை ஆராய்வோர், இம்மாவட்டம் 1985இல்தான் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது என்பதையும் கருதுதல் வேண்டும்.

முடிவுரை

மிகை இறப்பு என்பது பதிவேட்டில் நேரடியாகக் காணத்தக்க எண் அன்று. நிகழ்ந்ததையும் எதிர்பார்த்ததையும் எதிர்நிறுத்திப் பெறப்படுவது. ஒரே 78 இறப்புகள், ஓர் அளவுகோலில் 18ஆகவும் மற்றோர் அளவுகோலில் 45ஆகவும் மிகை காட்டுகின்றன. முதலாவது, ஊர் ஏனைய ஊர்களைவிட எவ்வளவு பின்தங்கியுள்ளது என்னும் வினாவுக்கு விடை. இரண்டாவது, ஆணாக இருப்பதன் சுமை எவ்வளவு என்னும் வினாவுக்கு விடை. மூன்றாம் அளவுகோல், அச்சுமையில் எப்பகுதி நீக்கத்தக்கது என்பதை உரைக்கும். எவ்வினா எழுப்பப்படுகிறது என்பதைக் கூறாமல் எண்ணை மட்டும் கூறும் ஆய்வு படிப்போரை வழிதவறச் செய்யும்.

மாநிலச் சராசரியோடு ஒத்திருப்பதால் ஓர் ஊரில் சிக்கல் இல்லை என முடிவு செய்வது, இவற்றுள் மிகுந்த தீங்கு விளைப்பது. 48 வயதில் தந்தையை இழக்கும் குடும்பத்துக்கு, பிற ஊர்களிலும் அவ்வாறே இறக்கின்றனர் என்பது ஆறுதலாகாது. இறந்தவர் வாழ்ந்த ஊரையும் வயதையும் பழக்கங்களையும் படிவத்தில் பிழையின்றி நிரப்புவது, அவ்விறப்பு கணக்கில் சேர்வதற்கான முதற்படி.